கொடியிலேயே விட்ட காய்

கொல்லைப்புறத்தில் இழுத்துக் கட்டியிருந்த அந்த நீலக் கயிற்றைப் பார்த்தாலே சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். துணி உலர்த்தும் கயிறாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இது முழங்கால் உயரத்தில், முளைக்குச்சி அடித்து, சுவருக்குச் சுவர் கட்டிய கயிறு. இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. கட்டச் சொன்னவள் பெரியவள்.

பெரியவளும் சின்னவளும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அண்ணனைக் கட்டியவள் மாடியில், தம்பியைக் கட்டியவள் கீழே. மாமனார் மாமியார் வைத்த பேர்தான் பெரியவள், சின்னவள். வைத்தவர்கள் போய்ச் சேர்ந்தும் பேர் போகவில்லை. பெரியவளுக்கு மருந்துக்கடையில் வேலை, நாள் முழுக்க நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவள். சின்னவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். புதுத்துணி தைப்பதைவிட, இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பெருத்தவர்களுக்குப் பிரித்தும் கொடுக்கிற வேலைதான் அதிகம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சாப்பிட மட்டும் வாயைத் திறக்கிற ரகம். அதனால் அந்த வீட்டில் சண்டை என்று வந்தால் தடுக்க ஆள் இருக்காது.

மாடி கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டு, காரை, உடைந்த ஓடு எல்லாவற்றையும் கட்டினவர்கள் கொல்லையில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. பெரியவளும் தன் பங்குக்கு மாடி ஜன்னலிலிருந்து முட்டை ஓட்டையும் சீப்பில் வந்த முடியையும் அதன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவளின் மெஷின் பின்பக்க ஜன்னலோரம். தலையை நிமிர்த்தினால் குப்பைமேடு, குனிந்தால் அடுத்தவர் துணி. ஒரு சாயங்காலம் அவளுக்கு என்ன தோன்றியதோ, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

தினம் ஒரு வாளி, முடிந்தால் இரண்டு. தெருவில் இருந்த பள்ளமெல்லாம் அவள் கொட்டிய செங்கல்லால்தான் நிரம்பியது. குப்பை போன பிறகு கீழே கிடைத்தது மண்ணும் இல்லை, சுண்ணாம்புத் தூள் மாதிரி ஏதோ ஒன்று. டீக்கடையில் வடிகட்டி எறிகிற தூளை மூட்டையாகக் கேட்டு வாங்கினாள். பால்காரரிடம் சாணி, தெரு கூட்டுகிறவரிடம் சருகு. அவள் அடுப்படியிலிருந்து ஒரு காய்த்தோல் வெளியே போகாது. பழைய கொசுவலையைச் சட்டத்தில் அடித்து மண்ணைச் சலித்தாள். நகக்கண்ணில் கறுப்பு ஏறிப்போய், வெள்ளைத்துணி கொடுக்க வந்தவர்கள் "கையைக் கழுவிட்டுத் தொடுங்க" என்று சொல்லும்படி ஆயிற்று. ஒரு மழைக்காலம் முடிந்து கை நிறைய அள்ளியபோது மண் உதிர்ந்தது, உள்ளே மண்புழு நெளிந்தது. ஓடிப்போய்ப் புருஷனைக் கூட்டிவந்து காட்டினாள். நாளெல்லாம் வேன் ஓட்டிவிட்டு வந்த மனுஷன் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றான்.

வெள்ளரிதான் போட வேண்டும் என்று அவள் ஒன்றும் வேண்டுதல் வைக்கவில்லை. விதை கையில் கிடைத்தது, போட்டாள். ஈரத்துணியில் முடிந்து வைத்து, வெள்ளையாக மூக்கு நீட்டியதும் மண்ணில் பதித்தாள். சுவரில் ஆணி அடித்து நூல் இறக்கினாள். கொடி ஏற ஏற, வெட்டித் தள்ளிய துணிக்கரைகளைக் கிழித்து இளக்கமாகக் கட்டினாள். முதலில் வந்த பூவெல்லாம் ஆண்பூ. வந்தது, வாடியது, விழுந்தது. சின்னவள் விழுந்த ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக அழாத குறை. அப்புறம்தான் பூவுக்குப் பின்னால் சுண்டுவிரல் அளவு முள்ளுமுள்ளான பிஞ்சோடு பெண்பூ வந்தது. வண்டு வராத காலையில் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, அவளே பூவுக்குப் பூ தொட்டு வைத்தாள்.

அந்த முதல் வருஷம் அவள் செய்த கூத்து ஒன்று உண்டு. வந்த காய்களிலேயே பெரிதாக ஒன்று விளைந்தது. அதைப் பறிக்க அவளுக்கு மனசு வரவில்லை. துணி கொடுக்க வருகிறவர்களையெல்லாம் கொல்லைக்குக் கூட்டிப்போய், என்னமோ பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்ட மாதிரி காட்டிக்கொண்டே இருந்தாள். காய் தடித்தது, வெளுத்தது, மஞ்சளாகப் பழுத்தது. பார்த்தால், கொடியில் வேறு காயே இல்லை. பூ நின்றுவிட்டது, இருந்த பிஞ்சும் சுருண்டு விழுந்தது. தண்ணீர் ஊற்றினாள், எரு வைத்தாள், திட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அழுகிவிடுமே என்று அந்தப் பழத்தை அறுத்தாள். அடுத்த வாரமே கொடி மறுபடி பூத்தது. அப்போதுதான் விளங்கியது. ஒரு காய் முற்றி விதை பிடித்துவிட்டால், வந்த வேலை முடிந்தது என்று கொடி கையை மடக்கிக்கொள்கிறது. காய் வேண்டுமென்றால் ஒன்றையும் விடாமல் இளசிலேயே பறித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவள் ஒரு காயை விட்டதில்லை. கூடை கூடையாகக் காய்த்தது. அடுத்த வீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு, டீக்கடைக்கு, பால்காரருக்கு, பட்டன் விற்கிறவருக்கு என்று தெரு முழுக்கக் கொடுத்தாள். வெயிலில் நின்று அவள் பட்ட பாடெல்லாம் குளிர்ந்துபோகிற மாதிரி "உன் கை ராசி" என்று சொன்னார்கள். கொடுக்காத வீடு ஒன்றே ஒன்றுதான், அதற்குத் தெருவுக்குப் போக வேண்டாம், படியேறினால் போதும்.

இந்த வருஷம் கொடிகள் சுவர் உச்சியைத் தொட்டு, இலைக்கு இலை பிஞ்சு தொங்கிய நேரம் பார்த்துத்தான் பெரியவள் தன் புருஷனை விட்டு முளைக்குச்சி அடிக்கச் சொன்னாள். கிழக்கே பாதி மாடிக்கு, மேற்கே பாதி கீழ்வீட்டுக்கு. அளந்து பார்த்தால் ஒரு விரல்கடை வித்தியாசம் இருக்காது, அவ்வளவு நியாயம். ஆனால் மேற்குப் பாதியில் தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், நாள் முழுக்க அடுத்த வீட்டுச் சுவரின் நிழல். வெயிலும் மண்ணும் கொடியும் கிழக்கே.

"பொதுச்சொத்து. சரிபாதி. நான் ஒண்ணும் கூட எடுக்கலையே?" என்றாள் பெரியவள்.

"வெயில் பூரா உங்க பக்கம் போயிடுச்சே அக்கா."

"வெயிலை நானா கொண்டு வந்தேன்?"

"மண்ணை நான் கொண்டு வந்தேன்."

"கொண்டு வந்தே, யார் இல்லைன்னா? தெருவுக்கே அள்ளி அள்ளிக் கொடுத்தியே, படியேறி மேல ஒரு காய் வந்திருக்கா? ஒண்ணு?"

 வந்ததில்லை, அது உண்மைதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று சின்னவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கேட்க மாட்டாள் என்று தெரிந்துதான் இத்தனை நாள் கொடுக்காமல் இருந்தாள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாள். அன்று ராத்திரி புருஷனிடம் முறையிட்டபோது அவன், "காய்தானே, விடு, கடையில வாங்கிக்கலாம்" என்றான். அவளுக்கு வேண்டியது காய் இல்லை, அந்த மண். தன் கையால் ஆன ஒரே பொருள் அதுதான் என்று நினைத்தாள். தைத்ததெல்லாம் அடுத்தவர் உடம்பில் ஏறிப் போய்விடும். மண் போகாமல் கிடந்தது. அதை இந்த மனுஷனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதோடு போயிருந்தால்கூட அவள் அழுது தீர்த்திருப்பாள். நான்கு நாள் கழித்துப் பெரியவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு கீழே வந்தாள். பைக்குள் இரண்டு வெள்ளரிக்காய்.

"எங்க தோட்டத்துக் காய். அவருக்கு நறுக்கிக் கொடு" என்று மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

சின்னவள் நறுக்கினாள். உப்பும் மிளகும் தூவிப் புருஷன் முன்னால் வைத்தாள். அவன் நறுக் நறுக்கென்று கடித்து, "நல்லாயிருக்கே, அண்ணி தோட்டத்துதா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டான். அப்போது அவள் கையில் கத்தி இருந்தது. அதைக் கழுவி வைக்கிற அளவுக்கு அவளுக்குப் பொறுமை இருந்ததே பெரிய விஷயம். உச்சந்தலையில் ஏறிய சூடு இறங்கும்போது அவள் ஒரு முடிவோடு இருந்தாள். பெரியவள் தன் வாயாலேயே, "இந்த மண் எனக்கு வேணாம், நீயே வச்சுக்க" என்று சொல்ல வேண்டும். அதுவரை தூக்கம் கிடையாது.

வழியைப் பெரியவளே காட்டிக்கொடுத்தாள். கொடியின் மேலே தொங்குகிற காய் அவள் கைக்கு எட்டும். கீழே இலைக்கு அடியில் கிடப்பதைப் பறிக்கக் குனிய வேண்டும், குனிந்தால் முழங்கால் உயிரை வாங்கும்.

"காலைல அஞ்சு நிமிஷம் வந்து கீழ இருக்கறதைப் பறிச்சுக் கொடுத்துடறியா? உனக்குத்தான் கை பழக்கம்" என்று கேட்டாள். கயிறு கட்டச் சொன்னவள் என்ற நினைப்பே அவள் முகத்தில் இல்லை.

"இதுக்கெல்லாம் கேட்கணுமா அக்கா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் சின்னவள். அவள் குரலில் இருந்த தேனைப் பார்த்து வேறு யாராவது என்றால் அப்போதே உஷாராகியிருப்பார்கள்.

மறுநாள் காலையிலிருந்து கயிற்றைத் தாண்டிப் போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலையை விலக்கி, கத்தரிக்கோலால் காம்பை நறுக்கிக் கூடையில் போட்டாள். ஒரு கொடிக்கு ஒரு காயை மட்டும் விட்டாள். அடியில், தூரோடு ஒட்டிக் கிடப்பதாகப் பார்த்து, மேலே இரண்டு இலையை இழுத்துவிட்டு, சருகைத் தள்ளி மூடினாள். உள்தையல் போடுகிற கை அது. வெளியே ஒன்றும் தெரியாது. "இவ்வளவுதான் அக்கா கீழ இருந்துச்சு" என்று கூடையைக் கொடுத்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தால், அன்று தைத்த தையலெல்லாம் நேர்க்கோடாக ஓடியது. ரொம்ப நாளைக்குப் பிறகு வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாட்டு வந்தது.

காய்கள் மறைவில் ஊதின. கூடை வற்றத் தொடங்கியது. முதலில் பாதிக் கூடை, அப்புறம் அடிக்கூடை, அப்புறம் கூடையே வேண்டாம், கையில் பிடித்து வரலாம் என்று ஆயிற்று. பூ குறைந்தது. வந்த பிஞ்சும் பழுப்பேறிச் சுருண்டது. கயிற்றோரக் கொடி ஒன்று மட்டும் நடுவில் மறுபடி பூத்தது. போய்ப் பார்த்தால் மறைத்த காயைக் காணோம். எலி இழுத்துப் போயிருக்கும் என்று அதிலும் வேறொன்றை மறைத்து வைத்தாள்.

பெரியவள் சும்மா இருக்கவில்லை. மருந்து தெளித்தாள், உரம் வாங்கிப் போட்டாள், வேலைக்குப் போகும் முன் படியில் நின்று கொடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் செடிக்கடைக்காரரையே கூட்டிவந்தாள். அவர் வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்ததால் மண்டி போடவில்லை. நின்ற இடத்திலிருந்தே இலையைத் தடவி, மண்ணைச் செருப்பு நுனியால் கிளறி, "மண்ணுல சத்தே இல்லைம்மா. செத்த மண்ணு" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு அந்த ஆளை எழுந்துபோய் அறையலாமா என்று இருந்தது. செத்த மண்ணா? அவருடைய கடையில் பை பையாக விற்கிறாரே, அதில் ஒரு புழு நெளியுமா? ஆனால் பெரியவளின் முகம் தொங்கிப்போயிருந்ததைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டாள். சொல்லட்டும், நல்லா சொல்லட்டும். செத்த மண்ணை யார் வைத்துக்கொள்வார்கள்? இன்னும் கொஞ்ச நாள், அவளே கயிற்றை அவிழ்த்து எறிவாள்.

பெரியவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலுக்கு வந்தாள்.

"நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்" என்றாள்.

சின்னவள் மெஷினை நிறுத்தினாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடுபட்டாள். "என்ன அக்கா?"

"எதுக்கு அந்தச் செத்த மண்ணோட மல்லுக்கட்டணும்? என் பக்கத்தை சிமென்ட் போட்டுடறேன். வண்டி நிறுத்திக்கலாம், துணி காயப்போடலாம். மேஸ்திரி இப்ப வந்துடுவாரு. சத்தமா இருக்கும், பொறுத்துக்க."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நகர்ந்துவிட்டாள். சின்னவளுக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. வாசலில் டெம்போ வந்து நின்று, மணல் சரிகிற சத்தம் கேட்ட பிறகுதான் ஏறியது.  சிமென்ட். மேலே ஒரு சாண் சிமென்ட் போட்டுவிட்டால் அதற்குக் கீழே புழு என்ன ஆகும், சலித்துச் சலித்துப் போட்ட மண் என்ன ஆகும்? குப்பைமேட்டையாவது வாளியில் அள்ளலாம். சிமென்ட்டை எதில் அள்ளுவது?

கொல்லையில் எல்லோரும் இருந்தார்கள். மேஸ்திரி அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், பெரியவள் புருஷன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்னவளின் புருஷன் பல் தேய்த்தபடி தொட்டியடியில் நின்றான். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலை தெரிந்தது. பெரியவள் ஸ்டூல் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வேணாம்" என்றாள் சின்னவள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வேணாம் அக்கா. மண்ணு நல்லா இருக்கு."

"செடிக்கடைக்காரரே பார்த்துட்டுப் போனாரே."

"அவருக்கு என்ன தெரியும்? குனிஞ்சாவது பார்த்தாரா?" சின்னவள் கயிற்றைத் தாண்டினாள். சொல்லாவிட்டால் மண் போகும், சொன்னால் மானம் போகும். இரண்டில் எது போனால் பரவாயில்லை என்று யோசிக்க நேரமில்லை. மண்டி போட்டு, சருகைத் தள்ளி, இலையைத் தூக்கினாள். மஞ்சளாகத் தொடை தண்டிக்கு ஒரு காய் கிடந்தது. அடுத்த கொடியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று, வெடித்து விதை தெரிய.

"ஒரு காய் பழுத்துட்டா அந்தக் கொடி அப்புறம் காய்க்காது. மண்ணு மேல தப்பில்லை. நான்தான் பறிக்காம விட்டேன். வேணும்னே விட்டேன்."

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சின்னவளின் புருஷன் வாயில் நுரையோடு நின்றான். பெரியவள் மட்டும் அசையவில்லை.

"தெரியும்" என்றாள்.

சின்னவள் மண்டி போட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"காயை ஒளிச்சே, வாசனையை எங்க ஒளிப்பே? மாடிப்படி வரைக்கும் பழ வாசனை அடிச்சுது. நீ நூல் வாங்கப் போன அன்னைக்கு இதே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தேடினேன். கயிற்றோரக் கொடியில ஒண்ணை அறுத்துப் பார்த்தேன், மறு வாரமே பூத்துச்சு. நீ அதுலயும் வேற ஒண்ணை வச்சே. டாக்டருங்க கிறுக்கறதையே படிக்கறவ நான். உன்னைப் படிக்க மாட்டேனா?"

"தெரிஞ்சும் ஏன் அக்கா..."

"காய் வேணும்னா நான் கடையில வாங்கிக்குவேன். நீயா வந்து உன் வாயால சொல்லணும்னு இருந்தேன். சொல்லிட்டே." பெரியவள் முழங்காலைத் தடவிக்கொண்டாள். "இப்ப எல்லாரும் இருக்காங்க. 'தப்பு பண்ணிட்டேன் அக்கா, மன்னிச்சுடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. மேஸ்திரியை அனுப்பிடறேன். கயிறும் வேணாம், ஒண்ணும் வேணாம், மொத்த மண்ணையும் நீயே வச்சுக்க."

இவ்வளவுதான். இத்தனை நாள் சின்னவள் எதற்காகக் காத்துக்கிடந்தாளோ அதை அவள் கையில் வைத்துக்கொடுக்கிறார்கள். ஒரு வார்த்தை. சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்தாள். அப்போது சுவருக்கு மேலிருந்த தலைகளில் ஒன்று மற்றொன்றின் காதில் என்னமோ சொன்னது. புருஷன் நுரையைத் துப்பிவிட்டு, "சொல்லிடேன், என்ன இப்போ" என்றான். அவன் வேறொன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த மண்ணைப் பற்றி அவன் இதுவரை பேசியதே நான்கு வாக்கியம், நான்காவது இது. பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள், சில்லறை கொடுக்கத் தாமதமாகிற ஆளைக் கவுண்டரிலிருந்து பார்க்கிற மாதிரி. சின்னவளுக்குத் தான் மண்டி போட்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

எழுந்தாள். எழுந்து, பக்கத்திலிருந்த கொடியைத் தூரோடு பிடித்து இழுத்தாள். வேர் மண்ணோடு வந்தது. ஆணியில் நூல் அறுந்தது. அதை எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். துணிக்கரை முடிச்சுகளோடும் பழுத்த காயோடும் கொடிகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன.

"ஏய், என்ன பண்றே?" பெரியவள் ஸ்டூலிலிருந்து எழ முயன்றாள், கால் ஒத்துழைக்கவில்லை.

"இடத்தைக் காலி பண்றேன். மேஸ்திரி, வேலையை ஆரம்பிங்க."

மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சிமென்ட் இன்னும் வரலையேம்மா. மணலை மட்டும் கொட்டிட்டுப் பொறுங்க, நான் சொன்னப்புறம் மூட்டை எடுத்துக்கலாம்னு இவங்கதானே..." என்று பெரியவளைக் காட்டி இழுத்தார்.

சின்னவள் திரும்பினாள். பெரியவள் முகம் வெளிறிப்போயிருந்தது. சிமென்ட் போடுகிற எண்ணமே அவளுக்கு இல்லை. ஒரு வண்டி மணலைக் கொட்டி மிரட்டினால் இவள் வளைவாள் என்று நினைத்திருக்கிறாள். இவள் வளைந்துகொடுத்தால் மண்ணைக் கொடுத்துவிடுவதாகவும் இருந்திருக்கிறாள். அது தெரிந்தபோது சின்னவளுக்கு நெஞ்சில் ஏதோ இளகத்தான் செய்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று கிளம்பி வந்தது. பயந்துவிட்டாள். பெரியவள் பயந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்கத்தானே தினம் காலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன் என்று இருந்தது. அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

"போன் போடுங்க. மூட்டை வரட்டும்" என்றாள் மேஸ்திரியிடம். "அவங்க பக்கம்தானே, அவங்கதானே கூப்பிட்டாங்க? வரவழைச்சுட்டு இப்ப வேணாம்பாங்களா?"

சுவருக்கு மேலே தலை மூன்றாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று சொன்னால் தோற்றது யார் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் புருஷன், "என்னம்மா, போடச் சொல்லவா, வேணாமா?" என்று கேட்டார். பெரியவள் சுவர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி தயங்கித் தயங்கி போனை எடுத்தார்.

மத்தியானத்துக்குள் மூட்டை வந்தது. வேரெல்லாம் பொறுக்கி, மண்ணை மட்டமாக்கி, கட்டையால் இடித்தார்கள். சின்னவள் உள்ளே போகாமல் நின்றாள். கலவையை ஒரு மூலையிலிருந்து கொட்டிக்கொண்டே வந்தார்கள். சாம்பல் நிறச் சேறு பரவி, கட்டையால் இழுத்த இடமெல்லாம் வழவழவென்று ஆனது. பாதி முடிந்தபோது பெரியவள் மெல்ல நடந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போதும்டி" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "இப்ப நிறுத்தினாக்கூடப் பாதி மிஞ்சும். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் நிறுத்தச் சொல்றேன். போதும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரியவள் அவளை டி போட்டுப் பேசியதில்லை. தங்கச்சியிடம் பேசுகிற மாதிரி இருந்தது. சின்னவளுக்குக் கண் நிறைந்தது. சரி என்று தலையாட்டினால் போதும், அதற்கு வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆனால் நிறுத்தினால் அது பெரியவள் கொடுத்த மண்ணாகிவிடும். இனி விளைகிற ஒவ்வொரு காயும் அவள் விட்டுக்கொடுத்த காயாகிவிடும். அதை நறுக்கித் தட்டில் வைத்தால், "அண்ணி கொடுத்ததா?" என்று புருஷன் கேட்பான்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, அந்தக் கிழக்கு மூலை பள்ளமா இருக்கு பாருங்க. அப்படியே விட்டா தண்ணி தேங்கும். அங்க இன்னும் ரெண்டு சட்டி கூடப் போடுங்க."

அந்த மூலை ஏன் பள்ளம் என்று அவளைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. மற்ற இடமெல்லாம் கட்டைக்கு இறுகிக்கொடுத்தது. அந்த இடம் மட்டும் இடிக்க இடிக்கத் தாழ்ந்துகொண்டே போயிற்று. அவ்வளவு இளக்கமான மண் அது, கையை விட்டால் முழங்கை வரை போகும். மேஸ்திரி எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டி, சட்டியை அங்கே கவிழ்த்தார்.